மூன்றாவது 'வேண்டாம்'

வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் 'டிக்' என்றது. உள்ளே ஒரு சின்ன மோட்டார் முனகியது. பிறகு அதுவும் அடங்கிப்போய், சிவப்பு விளக்கு மட்டும் மூன்று தரம் கண்ணடித்தது.

வென்டல் தோர்சன் பேஸ்மென்ட் தரையில் மண்டியிட்டபடி அந்த விளக்கை முறைத்தார். தகரக் கதவின் உட்பக்கம் ஒட்டியிருந்த தாளில், மூன்று தரம் மின்னினால் 'புகைக்குழாயைப் பார்க்கவும்' என்று போட்டிருந்தது. அவர் நிமிர்ந்து பார்த்தார். ஃபர்னஸின் தலையிலிருந்து கிளம்பிய வெள்ளைக் குழாய் சுவருக்குள் போயிருந்தது. நேற்றும் அப்படித்தான் போயிருந்தது. பார்த்தாகிவிட்டது.

"கன்ட்ரோல் போர்டு போயிடுச்சு," என்று மேல்மாடிக்கு அறிவித்தார். பள்ளிக்கூடத்தில் துணைத் தலைமையாசிரியராக இருந்து மைக்கிலேயே காலம் தள்ளியவர். பல் தேய்க்கப் போவதைக்கூட அறிவித்துவிட்டுத்தான் போவார்.

"ஃபர்னஸ்காரரைக் கூப்பிடலாமா?" என்று சமையலறையிலிருந்து மனைவி ஆர்டிஸின் குரல் வந்தது.

"எதுக்கு? ஒரு போர்டுதானே. நாலு ஸ்க்ரூ, பத்து ஒயர்."

கூப்பிட முடியாத சிக்கல் ஒன்று இருந்தது. போன ஞாயிற்றுக்கிழமை, லூத்தரன் சர்ச் கட்டடக் குழுவின் தலைவர் என்ற முறையில், சர்ச்சின் பாய்லருக்கு ஆள் கூப்பிட வேண்டும் என்ற யோசனையை எழுந்து நின்று எதிர்த்திருந்தார். "தன் வீட்டு ஃபர்னஸைத் தானே சரிபண்ணத் தெரியாதவனுக்கு வீடு எதுக்கு?" என்று கேட்டிருந்தார். எல்லோரும் காபியைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்கள். இரண்டாவது வரிசையில் இருந்த ஆர்டிஸ் மட்டும் அவரைப் பார்த்துத் தலையாட்டினாள்.

இதை வைத்துத்தான் அவள் ஒரு ஒப்பந்தமே போட்டாள். அவள் தங்கை கார்லா அரிசோனாவில் இருக்கிறாள். ஒவ்வொரு ஜனவரியும் அரைக்கால் சட்டையோடு ஆரஞ்சு மரத்தடியில் நின்று போட்டோ எடுத்து அனுப்புவாள். பக்கத்து வீடு காலியாக இருக்கிறது என்று இரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

"நீ சரிபண்ணிட்டா இங்கேயே இருக்கலாம், வென்டல்," என்றாள் ஆர்டிஸ். "முடியலன்னா வீட்டை வித்துட்டு கார்லாகிட்ட போயிடலாம். நீ சொன்னதுதானே?"

வென்டலுக்கு மின்னசோட்டாவை விட்டால் வேறு உலகம் கிடையாது. ஏரியில் பனிக்கட்டியைத் துளைத்து மீன் பிடிக்க முடியாத ஊரில் ஒரு மனிதன் எதற்காகக் காலையில் எழுந்திருக்க வேண்டும்?

"சரி," என்றார் கம்பீரமாக. வெளியே மைனஸ் இருபது.

மறுநாள் காலை பக்கத்து வீட்டு லைல் வந்து, வாசலிலேயே நின்று பூட்ஸைத் தட்டினார்.

"ராத்திரி நல்லாத்தான் கொட்டியிருக்கு போல," என்றார்.

"ஆமாமா."

"உன் வீட்டுக்கு அந்தப் பக்கம்… சுவரோரமா… கொஞ்சம் அதிகமாவே சேர்ந்திருக்கிற மாதிரி இருக்கு."

வென்டலின் முகம் மலர்ந்தது. "புது மெஷின், லைல்! பனியை அள்ளி முப்பதடி தூரம் வீசும். கார் வர்ற டிரைவ்வே மொத்தத்தையும் மூணு நாளா ஒரே பக்கமா ஏத்திட்டு இருக்கேன் பாரு. மலை மாதிரி இல்ல?"

"மலை மாதிரிதான் இருக்கு," என்ற லைல், தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார். "அது வந்து… உனக்கு ஏதாவது உதவி வேணுமா?"

"வேண்டாம், வேண்டாம்."

"இல்ல, மண்வெட்டி கைல இருக்கு…"

"பரவால்ல, லைல். வேண்டாம்."

"நிச்சயமா?"

"நிச்சயமா வேண்டாம்."

எங்கள் ஊரில் முதல் 'வேண்டாம்' மரியாதைக்கு. இரண்டாவது பழக்கத்துக்கு. அந்த இரண்டையும் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. கேக்கை நீட்டியபடியேதான் நிற்பார்கள். மூன்றாவதுதான் மனிதன் மனசாரச் சொல்வது. அதற்குப் பிறகும் கேட்டால் வம்புக்கு வருகிறான் என்று அர்த்தம். லைல் வம்புக்காரர் இல்லை. போய்விட்டார்.

போனவர் சமையலறைக் கதவருகே நின்று ஆர்டிஸிடம் ஏதோ பேசுவதை வென்டல் ஜன்னல் வழியே பார்த்தார். ஆர்டிஸ் தலையாட்டி மறுத்தாள். லைல் மறுபடி ஏதோ சொன்னார், மறுபடி மறுத்தாள். மூன்றாவது தரமும் அப்படியே. லைல் தோளைக் குலுக்கிவிட்டுப் பனிக்குள் நடந்தார்.

"என்னவாம்?" என்று கேட்டார் வென்டல்.

"ஹாட்டிஷ் கொண்டு வரட்டுமான்னு கேட்டார்."

உருளைக்கிழங்கும் கறியும் போட்டு, மேலே சீஸ் உருகி, ஆவி பறக்கும் ஹாட்டிஷ். வென்டலுக்கு வயிறு இரைந்தது. "மூணு தடவையுமா வேண்டாம்னே?"

"உன் மானம்தான் முக்கியம்னு தோணுச்சு," என்றாள் ஆர்டிஸ்.

ஆர்டர் செய்த புது போர்டு கூரியரில் வந்து சேரும்வரை இருவரும் வீட்டுக்குள்ளேயே பார்க்கா என்ற தடித்த குளிர்கோட்டைப் போட்டுக்கொண்டு திரிந்தார்கள். ஆர்டிஸ் ஓவன் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து ரொட்டி, பிஸ்கட் என்று சுட்டுக்கொண்டே இருந்தாள். துணிகளைப் பெட்டியில் அடுக்கியும் வைத்தாள். எதற்கு என்று கேட்டதற்கு, பெட்டிக்குள் இருந்தால் துணி சில்லிட்டுப் போகாது என்றாள். வென்டல் அதை ஒரு நல்ல யோசனையாகவே எடுத்துக்கொண்டார்.

போர்டு வந்தது. பழையதைக் கழற்றுமுன் ஒயர்களை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளும்படி வீடியோவில் ஒருவன் கெஞ்சினான்.

"அதெல்லாம் ஞாபகசக்தி இல்லாதவங்களுக்கு," என்றார் வென்டல்.

மாட்டி முடித்தபோது கையில் இரண்டு ஒயர் மிஞ்சியிருந்தது. தயாரித்தவர்கள் தாராள மனசோடு கூடுதலாகக் கொடுத்திருக்கிறார்கள் போல என்று நினைத்து, அவற்றை ஓரமாக ஒதுக்கிவிட்டு சுவிட்சைப் போட்டார்.

பெரிய விசிறி சுற்றத் தொடங்கியது. நெருப்பு மட்டும் பற்றவில்லை. அதுவரை சும்மா குளிர்ந்திருந்த வீட்டில் இப்போது காற்றும் அடித்தது. எல்லா அறைகளிலும் திரைச்சீலைகள் ஆடின.

"வென்டல்! உள்ளேயும் புயலா?"

"சோதனை ஓட்டம்!"

விசிறியை நிறுத்துவதற்காக இரண்டு ஒயர்களை இடம் மாற்றினார். ஒரு நீலப் பொறி பறந்தது. மீன் கருகிய வாடை அடித்தது. விசிறி நின்றது. கூடவே, கூடத்தில் இருந்த தெர்மோஸ்டாட்டின் திரையும் இருண்டுபோனது.

ஃபியூஸ்தான் போயிருந்தது. மாற்றினார். ஃபர்னஸ் சரியாகும்வரைக்கும் தாக்குப்பிடிக்கட்டும் என்று மின்சார ஹீட்டர் இரண்டைக் கொண்டு வந்து ஒரே பிளக்கில் மாட்டினார். பாதி வீடு இருட்டானது. இருட்டான பாதியில் குளியலறையும் அடக்கம். குளியலறைக் குழாயைத் திறந்தால் ஒரு இருமல் சத்தம்தான் வந்தது. தண்ணீர் உள்ளேயே உறைந்துவிட்டிருந்தது.

அவர் தலைமுடி காயவைக்கும் மெஷினை எடுத்துக்கொண்டு போனார்.

"அதுல போய் சூடு காட்டாதே," என்றாள் ஆர்டிஸ்.

"நான் கட்டடக் குழுத் தலைவர், ஆர்டிஸ்."

குழாய் வெடித்தது. பேஸ்மென்ட்டில், வென்டலின் மீன்பிடி சாமான்கள் வைத்திருந்த அலமாரி மேல் தண்ணீர் கொட்டி, அங்கேயே கண்ணாடியாக உறைந்தது. தூண்டில்களும், போன வருடப் போட்டியில் வாங்கிய கோப்பையும் பனிக்கட்டிக்குள் பத்திரமாகத் தெரிந்தன. தண்ணீரை நிறுத்திவிட்டு அவர் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். கன்னத்தில் ஏதோ வழிந்தது. அதுவும் சீக்கிரமே உறைந்தது.

கடைசியில்தான் கதவின் உட்பக்கத்து ஒயர் படத்தைப் படிக்கச் சம்மதித்தார். ஆர்டிஸ் டார்ச் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு நிறமாக வாசித்தாள். மிஞ்சியிருந்த இரண்டு ஒயர்களுக்கும் இடம் கிடைத்தது. தெர்மோஸ்டாட் உயிர் பெற்றது.

"இப்ப பாரு," என்று சுவிட்சைப் போட்டார்.

டிக். முனகல். அமைதி. சிவப்பு விளக்கு மூன்று தரம் கண்ணடித்தது.

புத்தம் புதிய போர்டு. அதே மூன்று தரம்.

வென்டல் பேஸ்மென்ட் படியில் உட்கார்ந்தார். கடிகாரம் மாட்டியிருந்த ஆணியை, அவரே வெட்டிப் பதித்த ஜன்னலை, பாதியில் விட்ட பெயின்ட்டை எல்லாம் ஒரு சுற்று பார்த்தார். ஆர்டிஸ் பக்கத்தில் வந்து உட்கார்ந்து அவர் கையுறை மேல் தன் கையுறையை வைத்தாள்.

"அரிசோனா போகலாமா, வென்டல்?"

"வேண்டாம்."

"அங்கே ஃபர்னஸே கிடையாது. போகலாமா?"

"வேண்டாம், ஆர்டிஸ்."

அவள் மூன்றாவது தரமும் கேட்டாள்.

வென்டல் வாயைத் திறந்தார். 'வேண்டாம்' வரவில்லை. "சரி," என்றது அவர் வாயிலிருந்து கிளம்பிய ஆவி.

மூன்றாவது பதிலை யாராலும் திரும்ப வாங்க முடியாது. ஆர்டிஸ் படியிலிருந்தே கார்லாவுக்குப் போன் போட்டாள். வீட்டை வாங்க அவள் சித்தி மகன் ஒருவன் தயாராக இருந்தான். இவ்வளவு வேகமாக ஒருவன் எப்படித் தயாரானான் என்று கேட்கும் நிலையில் வென்டல் இல்லை. போனிலேயே அவனுக்கும் 'சரி' சொன்னார்.

விஷயம் தெரிந்து லைல் மண்வெட்டியோடு வந்தார்.

"வீடு பாக்க வர்றவங்களுக்கு நடக்க வழி வேணுமில்ல," என்று சொல்லிவிட்டு, யாரையும் கேட்காமல் சுவரோரத்து மலையை வெட்டத் தொடங்கினார். வென்டல் பக்கத்தில் நின்று, தன் புது மெஷினின் சாதனை சரிவதைத் துக்கத்தோடு பார்த்தார்.

முட்டி உயரத்தில் சுவரிலிருந்து ஒரு வெள்ளைக் குழாயின் வாய் வெளிப்பட்டது. முழுக்கப் பனி அடைத்திருந்தது. லைல் கையுறை விரலால் அதைத் தோண்டி எடுத்தார்.

"இப்ப ஒரு தடவை போட்டுப் பாரேன்," என்றார்.

வென்டல் உள்ளே போனார். டிக். முனகல். பிறகு 'குப்' என்று ஒரு சத்தம். ஃபர்னஸுக்குள் நீல நெருப்பு வரிசையாகப் பற்றிக்கொண்டது. வெளியே, அந்தக் குழாயிலிருந்து வெள்ளையாக ஆவி கிளம்பியது. மேலே ஆர்டிஸ் பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடும் சத்தம் கேட்டது.

வென்டல் தொப்பியில்லாமல் வெளியே ஓடிவந்தார்.

"லைல்! உனக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"செவ்வாக்கிழமையே தெரியும்."

"தெரிஞ்சுமா என்கிட்ட சொல்லல?"

லைல் மண்வெட்டியைப் பனியில் குத்தி நிறுத்தினார். அவர் முகத்தில் உண்மையான வருத்தம் இருந்தது.

"நீதான் உதவி வேண்டாம்னுட்டியே. அதான் நேரா ஆர்டிஸ்கிட்ட போய், 'குழாய் அடைச்சிருக்கு, வென்டல்கிட்ட சொல்லிடட்டுமா'ன்னு கேட்டேன்," என்றார். "மூணு தடவை கேட்டேன் வென்டல், மூணு தடவையும் வேண்டாம்னுட்டாங்க."