பங்காளிக்கு வாங்கிய மாலை

சனிக்கிழமை மத்தியானம், ரசத்துக்கும் மோருக்கும் நடுவில், அரங்கசாமி ஒரு மனிதரைக் கொன்றார்.

கத்தி இல்லை, ரத்தம் இல்லை. ஆயுதம், கூடத்து டெலிபோன். கடையிலிருந்து கூப்பிட்டு இழுப்பறைச் சாவி எங்கே என்று கேட்டார்கள். சொன்னார். அங்கே போனை வைத்துவிட்டார்கள். இவர் வைக்கவில்லை. ரிசீவரைக் காதோடு அழுத்திக்கொண்டு, "அடடா" என்றார். "எப்பங்க?" என்றார். "தூக்கத்துலயேங்களா? பாக்கியவான்" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, மோர்ச் சட்டியோடு நின்ற மனைவி சாமியாத்தாளிடம், சோமனூர்ப் பங்காளி வெள்ளியங்கிரி போய்விட்டார் என்று அறிவித்தார்.

சாமியாத்தாள் கையிலிருந்த கரண்டி நழுவி மோருக்குள் விழுந்தது. தன் நடிப்புக்குக் கிடைத்த முதல் மரியாதை அது என்று அரங்கசாமி நினைத்துக்கொண்டார்.

"தறிச் சாமான் பட்டறை வெச்சிருக்கறவருங்களா?"

"அவரேதான்."

"நெசமாலுமுங்களா?"

"சாவுல போயி வெளையாடுவாங்களா அம்மணி?"

சாமியாத்தாள் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தாள். பிறகு கரண்டியை எடுத்து மோர் ஊற்றினாள்.

ஆளைத் தேர்ந்தெடுப்பதில் அரங்கசாமி அவசரப்படவில்லை. ஒரு வாரம் யோசித்திருந்தார். பங்காளியாக இருக்க வேண்டும், அப்போதுதான் தீட்டு. நெருங்கிய பங்காளி கூடாது, சொந்தபந்தம் விசாரிக்கும். வீட்டில் போன் இருக்கக் கூடாது. கோயமுத்தூர்ப் பக்கம் தலை காட்டாதவராக இருப்பது நல்லது. இப்படி வடிகட்டியதில் மிஞ்சியவர் வெள்ளியங்கிரி ஒருவர்தான். சாவதற்கு அவ்வளவு பொருத்தமான ஆள் அந்தக் குலக் கூட்டத்திலேயே கிடையாது. கடைசியாக அவரைப் பார்த்தது எந்தக் கல்யாணத்தில் என்பதுகூட அரங்கசாமிக்கு நினைவில்லை.

கொலைக்குக் காரணம் ஈரோட்டில் இருந்தது. சாமியாத்தாளின் அண்ணன் அங்கே புதிதாக ஒரு மஞ்சள் குடோன் கட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை ராகு காலம் கழிந்து, விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பூஜை. ஆனால் மாப்பிள்ளை காலையிலேயே வந்துவிட வேண்டுமாம். வாசலில் நின்று சந்தனக் கிண்ணம் நீட்ட வேண்டுமாம். மஞ்சள் தூள் மூக்கில் ஏறினால் அரங்கசாமிக்குத் தும்மல் நிற்காது. மச்சான் மஞ்சள் விலை பேச ஆரம்பித்தால் அதுவும் நிற்காது.

ஆனாலும் தும்மலுக்குப் பயந்து ஆளைக் கொல்லும் கோழை அல்ல அவர். அதே ஞாயிற்றுக்கிழமை காலையில் பூங்காவில் போட்டி இருந்தது.

அந்த ஆட்டத்தை ஊருக்குக் கொண்டுவந்தவர் மெர்வின். அமெரிக்காவில் பல காலம் எஞ்சினியராக இருந்துவிட்டுத் திரும்பியவர். வரும்போது சிலர் டேப் ரெக்கார்டர் கொண்டுவருவார்கள், சிலர் வழுக்கை கொண்டுவருவார்கள். இவர் ஒரு பெட்டி நிறையப் பிளாஸ்டிக் தட்டு கொண்டுவந்தார். மாநகராட்சியில் நடையாய் நடந்து அனுமதி வாங்கி, பூங்காவில் மரத்துக்கு மரம் தள்ளி ஒன்பது இரும்புக் கம்பங்களை நட்டார். ஒவ்வொரு கம்பத்திலும் ஒரு கூடை. கூடைக்கு மேலே கொத்துக் கொத்தாகச் சங்கிலி. குறித்த இடத்தில் நின்று தட்டை வீச வேண்டும். விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீச வேண்டும். சங்கிலியில் மோதிக் கூடைக்குள் விழும்வரை இப்படியே. குறைந்த வீச்சில் ஒன்பதையும் முடிப்பவர் ஜெயித்தவர். டிஸ்க் கால்ஃப் என்று மெர்வின் சொன்னார். தட்டு வீசற ஆட்டம் என்று ஊர் சொன்னது. முதல் மாதம் கூடைகளில் கடலைத் தோல்தான் விழுந்தது. இரண்டாவது கூடையில் காவலாளி சட்டை உலர்த்தினார்.

அரங்கசாமிக்கு எவர்சில்வர் பாத்திரக் கடை. கடையின் பரணுக்குத் தட்டுகளை ஒவ்வொன்றாகக் கீழிருந்து வீசி ஏற்றி வாலிபத்தைக் கழித்தவர். நடைப்பயிற்சிக்குப் போன ஒரு காலையில், சும்மா ஒரு தட்டை வாங்கி வீசினார். சங்கிலி கலகலத்தது. நின்றவர்கள் கை தட்டினார்கள்.

இதை வாசகர்கள் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பள்ளிக்கூடத்தில் அவரைக் கபடிக்கு யாரும் சேர்த்துக்கொண்டதில்லை. கல்யாணத்தில் தேங்காய் உருட்டி விளையாடியபோதும் சாமியாத்தாள்தான் ஜெயித்தாள். ஐம்பது வயது தாண்டி, வாழ்க்கையில் முதல்முறையாக, நாலு பேர் அவருக்காகக் கை தட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை ஊரே பார்க்க ஜெயிக்க வேண்டும். அதன் பிறகு ஈரோட்டில் என்ன, காசியில் போய்க்கூடச் சந்தனம் நீட்டத் தயார்.

வீட்டில் சொல்லவில்லை. பேரன் எடுக்கிற வயதில் தட்டு வீசுவதாக எந்த ஆண்பிள்ளை வீட்டில் சொல்வான்? மெர்வினிடம் வாங்கிய தட்டுகளைக் கடையிலேயே வைத்திருந்தார். ஒருநாள் மறதியாக ஒன்று பையோடு வீட்டுக்கு வந்துவிட்டது. சாமியாத்தாள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மதராஸ் கம்பெனிக்காரன் மாதிரிக்குக் கொடுத்த குண்டான் மூடி என்று சொல்லிவைத்தார். மூடிக்குக் கைப்பிடி இல்லையே என்று கேட்டாள். அதுதான் புது மோஸ்தர் என்றார். அன்றுமுதல் அது இட்லி மாவுக் குண்டானை மூடியது. அமெரிக்கத் தட்டின்மேல் மாவு காய்ந்திருப்பதைத் தினமும் காலையில் பார்த்து அவர் மனசுக்குள் அழுதார்.

இதுதான் முன்கதை. இப்போது சனிக்கிழமைக்குத் திரும்புவோம்.

மோர் சாதம் இறங்கியதும் அரங்கசாமி விஷயத்துக்கு வந்தார். தீட்டு வந்துவிட்டது, பூஜை புனஸ்காரம் நடக்கிற இடத்தில் தான் காலடி வைக்கக் கூடாது, மச்சானுக்கு வருத்தம்தான், அம்மணி மட்டும் ஈரோடு போய்விட்டு வரட்டும்.

சாமியாத்தாள் முந்தானையால் கையைத் துடைத்தாள்.

"நான் எப்புடீங்க போறது? எனக்கும்தானுங்க தீட்டு."

அரங்கசாமிக்கு மோர் புரையேறியது.

"தாலி கட்டுன அன்னிக்கே உங்க கூட்டத்துக்கு வந்துட்டனுங்களே. உங்க பங்காளி செத்தா எனக்குத் தீட்டு இல்லீங்களா? இதுகூடத் தெரியாமயா இத்தன வருசம் குடும்பம் பண்ணுனீங்க?"

தெரியும். கொங்கு நாட்டில் பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும். ஒரு வாரம் உட்கார்ந்து, எந்தப் பங்காளி, எந்த ஊர், எந்த வியாதி என்றெல்லாம் நுணுக்கமாக யோசித்த மனிதருக்கு, மனைவியும் பங்காளி வீட்டுக்காரிதான் என்பது மட்டும் தோன்றவில்லை. நாளைக்கு இவள் வீட்டிலேயே இருப்பாள். தீட்டுக்காரர் எந்த முகத்தோடு பூங்காவுக்குக் கிளம்புவது?

நல்ல வேளையாக அவளே வழி காட்டினாள். காலையில் சோமனூர் போய்த் துக்கம் கேட்டுவிட்டு வரச் சொன்னாள். தனக்கு முழங்கால் வலி, பஸ் ஏற முடியாது, கருமாதிக்கு வருகிறேன் என்றாள். அந்த முழங்காலுக்கு அரங்கசாமி மானசீகமாகக் கற்பூரம் காட்டினார். தலைக்கு ஊற்றிக்கொள்ளச் சொன்னாள்; ஊற்றிக்கொண்டார். அவர் குளியலறையில் நடுங்கிக்கொண்டிருந்தபோது கூடத்தில் அவள் ஈரோட்டுக்கு டெலிபோன் பேசுவது காதில் விழுந்தது. அண்ணனிடம் சாவுச் செய்தி சொல்கிறாள் என்று எண்ணிக்கொண்டார்.

விடிந்ததும் வெள்ளை வேட்டி எடுத்து வைத்தாள். போதாததற்கு, வாழை இலையில் சுற்றிய கனமான ரோஜா மாலை ஒன்றையும் கையில் கொடுத்தாள். வெறுங்கையோடு பங்காளி வீட்டுக்குப் போகலாமா என்றாள். குண்டானை இன்றைக்கு ஒரு பித்தளைத் தாம்பாளம் மூடியிருந்ததைக் கவனித்தார். தீட்டு வீட்டில் எல்லாமே மாறும் என்று தேற்றிக்கொண்டு, கடைக்குப் போய்த் தட்டுகளை எடுத்துக்கொண்டு, பூங்காவை அடைந்தார். மாலையை ஒரு பெஞ்சின்மேல் வைத்தார்.

பூங்காவில் மைக் கட்டியிருந்தார்கள். அரங்கசாமியின் முறை வந்தது. கோட்டில் நின்று, மூச்சை இழுத்து, கையைப் பின்னால் கொண்டுபோனார். சரியாக அந்த நேரத்தில் மெர்வின் மைக்கில் பேசினார். இந்தக் கூடைகளைப் பற்றவைத்துச் சங்கிலி கோர்த்துக் கொடுத்த பட்டறைக்காரரே இன்றைய சிறப்பு விருந்தினர் என்றார். சோமனூர் திரு. வெள்ளியங்கிரி அவர்கள் என்றார்.

மேடையில் ஒரு நாற்காலியிலிருந்து, நெற்றியில் சந்தனமும் கையில் காப்பித் தம்ளருமாக, பிணம் எழுந்து நின்று கும்பிட்டது.

தட்டு கையை விட்டது. சங்கிலிப் பக்கம் போகவில்லை. வேப்ப மரத்தைத் தாண்டி, மதிலைத் தாண்டி, ரோட்டில் போய்க்கொண்டிருந்த டவுன் பஸ்ஸின் கூரையில் இறங்கி, காந்திபுரம் நோக்கிப் பிரயாணமானது.

அரங்கசாமி பெஞ்சைத் தேடிப் போய் உட்கார்ந்தார். பிணம் அவரைத் தேடி வந்தது.

"ஏனுங்கண்ணா, சௌக்கியமுங்களா? எத்தன வருசமாச்சுங்க பாத்து. எளைச்சுட்டீங்களே."

வெள்ளியங்கிரியின் கண் பெஞ்சுக்குப் போனது. வாழை இலைக்கு வெளியே ரோஜா எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எனக்குங்களா?" என்றார் வெள்ளியங்கிரி. அவர் கண் கலங்கிவிட்டது. "பங்காளின்னா இப்புடி இருக்கோணும். நான் வாரன்னு தெரிஞ்சு மாலையெல்லாம் வாங்கி வெச்சிருக்கீங்களே." பாவம், குனிந்து கழுத்தைக் காட்டினார்.

வேறு வழி? அரங்கசாமி மாலையைப் போட்டார். எந்தக் கழுத்துக்காக வாங்கப்பட்டதோ அதே கழுத்தில் அது போய்ச் சேர்ந்தது. அந்தக் கழுத்து இன்னும் சூடாக இருந்தது என்பதுதான் வித்தியாசம். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள். வாழ்க்கையில் இரண்டாவது முறை.

மிச்ச ஆட்டத்தை விவரிப்பது மனிதாபிமானம் அல்ல. ஆண்கள் பிரிவில் கடைசியாக வந்தார். அடுத்து பெண்கள் போட்டி என்று அறிவித்தார் மெர்வினின் மனைவி ஜெனிதா. கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சேலைக்குக் கீழே வெள்ளைக் கான்வாஸ் ஷூவோடு, ஒரு அம்மாள் கோட்டுக்கு வந்தாள். அவள் கையிலிருந்த தட்டின் ஓரத்தில் இட்லி மாவு காய்ந்திருந்தது.

அரங்கசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். மாவு அப்படியேதான் இருந்தது. முழங்கால் வலி மடங்கியது, நிமிர்ந்தது. கலகலவென்று சங்கிலி பேசியது.

கோப்பையை இடுப்பில் குடம்போல் ஏந்திக்கொண்டு சாமியாத்தாள் பெஞ்சுக்கு வந்தபோது, அரங்கசாமி பார்வையை ஷூவிலேயே நிறுத்தியிருந்தார்.

"எப்பருந்து அம்மணி?"

"கீர வாங்க இப்புடிக்கா வந்தனுங்க. நம்ம மாவு மூடியாட்டமே ஒண்ணு ஆகாசத்துல பறந்துட்டிருந்துச்சு. வீசுனது யாருன்னு பாத்தா, நீங்க. அடுத்த நாளே நானும் ஜெனிதாம்மாகிட்டச் சேந்துட்டனுங்க. நீங்க கடைக்குப் போனதும் பொம்பளைகளுக்குத்தான் ஆட்டம்."

"அப்ப, வெள்ளியங்கிரி..."

"நேத்துக் காலைல சங்கிலி சரி பண்ண வந்திருந்தாருங்க. நாளைக்கு மேடைக்கும் வாரன்னு சொன்னாருங்க. ஒரு சொம்புத் தண்ணி குடுத்தேன். நான் ஊட்டுக்கு வந்து ரசம் வெக்கறதுக்குள்ள நீங்க கொன்னுபோட்டீங்க. எனக்குக் கரண்டியே நழுவிப்போச்சு." மாலையும் கழுத்துமாக மேடையில் சிரித்துக்கொண்டிருந்த வெள்ளியங்கிரியை ஒரு தரம் பார்த்தாள். "நானே குடோன் பூஜைக்கு என்ன பொய் சொல்றதுன்னு ஒரு வாரமா மண்டையப் போட்டு ஒடச்சுட்டிருந்தனுங்க. நல்லாருப்பீங்க."

அரங்கசாமி பெஞ்சில் கிடந்த வெறும் வாழை இலையை மடித்தார்.

"செத்தவர் எந்திரிச்சு காப்பி குடிக்கறாரு. இனி உங்களுக்குத் தீட்டு இல்லீங்க. மத்தியான பஸ்ஸுக்குப் போனீங்கன்னா பூஜைக்குப் போயிரலாம். ஊட்டுல ஒருத்தராச்சும் போகோணுமில்லீங்களா?"

"நீயி?"

"எனக்கு முழங்கால் வலிங்களே" என்றாள் சாமியாத்தாள், அந்தக் காலைத் தூக்கிப் பெஞ்சின்மேல் வைத்து ஷூ நாடாவை இறுக்கிக் கட்டியபடி. பரிசு வாங்கியவர்கள் காட்சி ஆட்டம் ஆட வேண்டும் என்று மைக்கில் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

காலையில் அவர் தட்டு போன வழியிலேயே அரங்கசாமியும் டவுன் பஸ் ஏறிக் காந்திபுரம் போனார். ஈரோட்டு பஸ்ஸில் ஜன்னல் ஓரம் கிடைத்தது. அது ஒன்றுதான் அன்றைக்கு அவருக்குக் கிடைத்தது. வெள்ளியங்கிரி உயிரோடிருப்பது தெரிந்தவள் அண்ணனிடம் சாவைச் சொல்லியிருக்க மாட்டாள் என்பதால், வழியெல்லாம் மச்சானிடம் சொல்ல ஒரு காரணம் தேடினார். காலையில் ஏன் வரவில்லை என்று கேட்டால்? டயர் பஞ்சராகிவிட்டது என்று சொல்லலாம். வயிற்று வலி என்று சொல்லலாம். இனி எந்தப் பங்காளியையும் தொடுவதில்லை என்று மட்டும் உறுதி செய்துகொண்டார்.

குடோன் வாசலிலேயே முதல் தும்மல் வந்தது. மச்சான் சந்தனக் கிண்ணத்தோடு ஓடி வந்தார். அதை மாப்பிள்ளையின் கையில் வைத்தார். பஞ்சரைப் பற்றி அரங்கசாமி வாயெடுப்பதற்குள் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

"மனசத் தளர வுடாதீங்க மாப்ள. காலைல ஆட்டத்துல தோத்துப்போட்டு, சாயந்தரம் நீங்க மட்டும் தனியா வருவீங்கன்னு அம்மணி நேத்து மத்தியானமே போன்ல சொல்லிப்போட்டா."