பங்கருக்குள் பதினொரு பேர், பெட்டிக்கு முன்னால் இருவர்

உ
கும்பழாவளைப் பிள்ளையார் காப்பு

அளவெட்டி
22.05.1993

என் அன்புத் தம்பி தேவராசாவுக்கு,

பிள்ளையார் புண்ணியத்தில் நாங்கள் இங்கே உண்டு உடுத்து இருக்கிறோம். நீயும் அந்த ஜெர்மன் குளிரில் காதை மூடிக் கட்டிக்கொண்டு, வெள்ளிக்கிழமைகளில் மச்சம் மாமிசம் தொடாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். சென்ற ஞாயிறு நம் வீட்டில் நடந்ததை அவசரத்தில் எழுதுகிறேன். எழுத்து கோணியிருந்தால் குறை நினையாதே.

அன்று வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். பிறகு உனக்கு ஆளுக்கொரு கதை வரும். என் மூத்தவள் பெரியபிள்ளையானதற்கு அன்று சாமத்தியச் சடங்கு. சனம் சாப்பிட்டுப் போனபிறகு, பின்னேரம் மூன்றரை மணிக்கு மிஞ்சியிருந்தவர்கள்: நான், உன் அத்தான், மூத்தவள், சின்னவன்கள் இருவர், நம் தங்கச்சி அருந்ததி, பக்கத்து வளவு ஆழ்வாப்பிள்ளை அண்ணை, வீடியோ எடுக்க வந்த அடைக்கலநாதன், கலியாணம் பேசுகிற கந்தப்பு அண்ணை, வட்டுக்கோட்டையிலிருந்து வந்த சிவக்கொழுந்து மாமி, அவவின் மகளும் மருமகனும், மகன் பஞ்சலிங்கமும். ஆகப் பதின்மூன்று பேர்.

இந்தப் பஞ்சலிங்கம்தான் அருந்ததிக்குப் பேசிய மாப்பிள்ளை. சங்கக்கடை மனேச்சர், கண்ணாடி போட்டவர், வாய் திறந்து கதையாதவர். பெண் பார்க்க வந்தார்கள் என்று ஊர் அறிந்து, பிறகு சரிவராவிட்டால் நம் பிள்ளைக்குத்தானே பழி? அதனால் சடங்குக்கு வந்த சனம்போல வந்து, பார்த்தும் பாராததுபோலப் போவது என்று ஏற்பாடு. அருந்ததிக்கும் மூச்சுவிடக்கூடாது என்று கந்தப்பு அண்ணை என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தார். நானும் காத்தேன். அங்கேதான் எல்லாம் பிழையாய்ப் போனது.

அடைக்கலநாதனின் ஜெனரேற்றரில் இன்னும் முக்கால் மணித்தியாலத்துக்கு மண்ணெண்ணெய் இருந்தது. கரண்ட் இல்லாமல் மூன்று வருடம் இருந்த வீட்டில் கரண்ட் சும்மா ஓடிக்கொண்டிருப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியவில்லை. அலுமாரியைத் திறந்தேன். பூச்சி உருண்டை போட்டுப் பழைய வேட்டியில் சுற்றி வைத்திருந்த நம் அட்டாரி விளையாட்டுப் பெட்டியை எடுத்துத் திருநீறு பூசி ரீவியில் கொழுவினேன். தம்பி, அது வேலை செய்தது! கறுப்புத் திரையில் அதே இரண்டு மட்டை, அதே வெள்ளைப் பந்து! நான் கூவிய கூவலுக்கு அத்தான் அடுப்பில் ஏதோ பற்றிவிட்டது என்று தண்ணீர் வாளியோடு ஓடிவந்தார்.

எண்பத்துமூன்றில் சின்ன மாமா கப்பலால் இறங்கும்போது அதைக் கொண்டுவந்த நாள் நினைவிருக்கிறதா? தோற்றவர் வாழைக்கு இருபது வாளி தண்ணீர் இறைக்கவேண்டும் என்று சட்டம் போட்டவன் நீதான். நாக்கைக் கடைவாயில் கடித்துக்கொண்டு, மட்டையின் நுனியால் தட்டி, அருந்ததி பந்தை மூலைக்கு அனுப்புவாள். நீ களவு களவு என்று குழறுவாய். பெட்டியை நிறுத்தினால் புள்ளி அழிந்துவிடும் என்பதால் நான் கொப்பியில் எழுதி வைத்தேனே, அதை இன்று எடுத்துப் பார்த்தேன். அந்த வருடம் விளையாட்டின் நடுவில் ஏழு தரம் கரண்ட் போயிருக்கிறது. ஏழு தரமும் நீ தோற்கிற நிலையில் இருந்திருக்கிறாய். பிளக்குக்குப் பக்கத்தில் உட்காருவேன் என்று நீ ஏன் அடம்பிடித்தாய் என்பது பத்து வருடம் கழித்து எனக்கு விளங்குகிறது. போகட்டும், மன்னித்துவிட்டேன்.

அருந்ததி முதலில் சின்னவன்களை வென்றாள். பிறகு அத்தானை, பிறகு அடைக்கலநாதனை. சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு சபையைப் பார்த்துக் கேட்டாள்: "வேறை ஆர் வாறியள்? அந்த மூலைக் கதிரையிலை இருக்கிற அண்ணை, வாங்கோவன். பயமோ?"

மாப்பிள்ளையைப் பார்த்து அண்ணை என்கிறாள், தம்பி! கந்தப்பு அண்ணைக்கு வெற்றிலை புரைக்கேறியது. சிவக்கொழுந்து மாமி விசிறியை நிறுத்தினா. மாப்பிள்ளை எழும்பி வந்து, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு நிலத்தில் உட்கார்ந்தார். நான் அருந்ததிக்குக் கண்ணைக் காட்டினேன், இருமினேன், கடைசியில் காலை மிதித்தேன். "அக்கா, ஏன் காலை உழக்குறாய்?" என்று ஊருக்கே கேட்கக் கேட்டாள். பதினைந்துக்கு மூன்று. மனிசனுக்கு மூன்றே மூன்று புள்ளி!

விளையாட்டு முடிந்ததும் அந்தப் பெட்டி போடுகிற சத்தம் உனக்குத் தெரியும்தானே? ஊய்ய்ய்ங் என்று மேலேயிருந்து இறங்கி வந்து டும் என்னும். ரீவியின் சத்தத்தைக் குறைக்கிற திருகாணி எப்போதோ உடைந்துவிட்டது. முந்திய ஆட்டங்களில் சின்னவன்கள் போட்ட கூச்சலில் அது அமுங்கிப்போனது; மாப்பிள்ளை தோற்றபோது கூச்சல் போட ஆளில்லை. எண்பத்துமூன்றில் அது விளையாட்டுச் சத்தம். குண்டு போடுகிற பொம்மர் வந்து போகிற இந்தக் காலத்தில் யார் அதை விளையாட்டென்று நினைப்பார்கள்?

"ஐயோ, பொம்மர்!" என்று சிவக்கொழுந்து மாமி எழும்பினா பார், பயற்றம் பணியாரத் தட்டு ஒரு பக்கம், விசிறி ஒரு பக்கம். காஞ்சிபுரம் சேலையோடு முற்றத்தைத் தாண்டி எங்கள் பங்கர்க் குழிக்குள் பாய்ந்துவிட்டா. அவ ஓடியதைக் கண்டு மகளும் மருமகனும் ஓடினார்கள், அவர்களைக் கண்டு நாங்களும் ஓடினோம். சத்தம் பெட்டியில்தான் வந்தது என்று தெரிந்த நானே ஓடினேன்! ஆறு பேருக்கு வெட்டிய பங்கரில் பதினொரு பேர். ஆழ்வாப்பிள்ளை அண்ணையின் முழங்கை என் விலாவில். நான் கந்தசஷ்டி கவசத்தில் பாதி சொல்லி முடித்தபோது மாமி கேட்டா: "என்ரை பெடியன் எங்கை?"

எண்ணிப் பார்த்தேன். இரண்டு பேர் குறைந்தார்கள்.

"பிள்ளை, உன்ரை தங்கச்சியையும் காணேல்லை" என்றா மாமி. அந்தக் குரலில் பொம்மரின் பயம் போய்விட்டது, வேறு பயம் வந்துவிட்டது.

வீட்டுக்குள்ளிருந்து அடுத்த ஊய்ய்ய்ங் வர, அது பெட்டியின் சத்தம் என்று எல்லாருக்கும் விளங்கிவிட்டது. மேலே ஏறுவதற்குள் பதினைந்து நிமிடம் சென்றது. அத்தான் பங்கர் வாசலில் இறுகிவிட்டார். செம்பாட்டு மண் பூசிய முகங்களோடு வீட்டுக்குள் போனால், கலியாணம் ஆகாத இரண்டு பேர் தனியாக இருந்த அந்தப் பாவத்தை என்னவென்று எழுதுவேன்! மாப்பிள்ளை கைச்சட்டையை மடித்துவிட்டுக் கத்திக்கொண்டிருந்தார்:

"களவு! களவு! பந்து படேல்லை!"

"பட்டது. கண்ணாடியைத் துடைச்சுப்போட்டுப் பாருங்கோ."

"நீர் மட்டையை ஆட்டினனீர்!"

"மட்டையை ஆட்டாமல் உம்மையோ ஆட்டுறது?"

திரையில் பதினாலுக்குப் பதினாலு. அந்த நேரம் பார்த்து மண்ணெண்ணெய் முடிந்து எல்லாம் இருண்டது. இடையில் நடந்த ஆட்டங்கள் பதினைந்துக்கு ஒன்பது, பதினைந்துக்குப் பதின்மூன்று என்று இருவரும் சொல்கிறார்கள். என் கண்ணால் காணாததால் கொப்பியில் பென்சிலால்தான் எழுதியிருக்கிறேன். மாமி மகனைப் பார்த்து "வெளிக்கிடு" என்றா. வெற்றிலைகூட எடுக்காமல் போய்விட்டார்கள். அருந்ததி இருபத்தைந்து வயதுப் பிள்ளை, இதற்கு முன் மூன்று சம்பந்தம் சாதகத்தில் தட்டிப்போனது. நான் சாமியறையில் இருந்து அழுதேன்.

செவ்வாய்க்கிழமை கந்தப்பு அண்ணை வந்தார். சைக்கிளை விட்டு இறங்கமுதலே தொடங்கிவிட்டார்: "பிள்ளை ஞானாம்பிகை, பெடியன் கட்டினா உவளைத்தான் கட்டுவானாம். பதினாலுக்குப் பதினாலிலை நிக்குதாம், முடிக்கவேணுமாம். தாய்க்காரிதான் ஒரு கேள்வி கேக்கிறா. பெண் பாக்க வந்தவை எண்டு பெட்டைக்குத் தெரியுமோ? தெரியாமல் செய்திருந்தா விளையாட்டுப் பிள்ளை, போகட்டுமாம். தெரிஞ்சு செய்திருந்தா அந்தக் கொழுப்பு தன்ரை வீட்டு வாசல்படி ஏறாதாம்."

நான் உடனே எழும்பி, விளக்குக்கு முன்னால் நின்று, கும்பழாவளையான் அறிய அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று சத்தியம் செய்தேன். மாமிக்கு அது போதாதாம். அப்பா இல்லாத வீட்டில் ஆண்பிள்ளை நீதானே. உன் கையெழுத்தில் அதே வாக்கு வேண்டுமாம். ஆனி பிறக்கமுதல் எழுதினால் ஆனிக்குள் தாலி கட்டலாம். தவறினால் ஆடி வந்துவிடும், மாமியின் மனமும் மாறிவிடும். ஆகையால் தம்பி, "என் தங்கச்சி சூதுவாது அறியாதவள், அவளுக்கு இது பெண் பார்க்கிற காரியமென்று சத்தியமாய்த் தெரியாது" என்று நாலு வரி, அழகான எழுத்தில், மாமிக்கு எழுதி அனுப்பு.

உன் கை கால் சுகமாய் இருக்கவும், உனக்கும் ஒரு நல்ல இடம் அமையவும் நாள்தோறும் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் அக்கா
ஞானாம்பிகை

பி.கு.: உறை ஒட்டச் சொல்லி இதை அருந்ததியிடம் கொடுத்தேன். ஒட்டாமல் வாசித்துவிட்டுச் சிரிக்கிறாள். "அக்கா, எனக்கு முதல்நாளே தெரியும். கந்தப்பு அண்ணை ரகசியம் கதைச்சா மல்லாகம் சந்திக்குக் கேக்கும்" என்கிறாள்.

"பிறகேனடி அப்பிடிச் செய்தனி?"

"தோத்துக் காட்டிக் கட்டினா சாகுமட்டும் தோத்துக் காட்டவேணும். தோத்த உடனை அந்தாள் முகத்தை நீட்டுதோ, இன்னொருக்கா விளையாட இருக்குதோ எண்டு பாத்தனான். இருந்தது."

"அண்ணை எண்டு கூப்பிட்டது?"

"அது கொஞ்சம் கூடிப்போச்சுத்தான்."

பிடித்திருக்கிறதா என்று கேட்டேன். "ஓம்" என்றுவிட்டுக் குசினிக்குள் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். நான் விளக்குக்கு முன்னால் செய்த சத்தியத்துக்கு நூற்றெட்டுத் தேங்காய் நேர்ந்துவிட்டேன். நீ மாமிக்கு என்ன எழுதப்போகிறாய் என்பது உனக்கும் பிள்ளையாருக்கும் விட்டது. கெதியாய்ப் பதில் போடு.