பச்சை வராத குடுவை

இரண்டு குடுவைகளும் மோர் நிறத்தில் இருந்தன. பெலிண்டா இன்குபேட்டர் கதவை மூடிவிட்டு மறுபடி திறந்து பார்த்தாள். அப்போதும் மோர்தான்.

இடது குடுவை அப்படி இருக்க வேண்டியதுதான். அதில் இதய நோய் மாத்திரையின் மருந்து கலந்திருந்தது. வலது குடுவையில் வெறும் கிருமி. அது கிளிப் பச்சையாக இருந்திருக்க வேண்டும். அந்தப் பச்சைதான் கிருமி கக்கும் விஷம். மருந்து கொடுத்தால் கிருமி சாகாது; விஷம் கக்குவதை மட்டும் விட்டுவிட்டுச் சாதுவாக உட்கார்ந்துகொள்ளும். கொல்லப் போனால்தான் கிருமி எதிர்த்து நின்று பலசாலியாகிறது, குணத்தை மாற்றிவிட்டால் பாதித் தொல்லை தீர்ந்தது, அதற்கு மெடிக்கல் ஷாப்பில் ஏற்கெனவே இருக்கிற மாத்திரையே போதும் என்று நிரூபிக்கத்தான் அவள் நான்கு வருஷமாகத் திருச்சிக் கல்லூரி ஒன்றில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள்.

இப்போது மருந்தே கொடுக்காத கிருமியும் திருந்திவிட்டது.

"ரெண்டும் ஒரே மாதிரின்னா இருக்கு?" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். அவளுடைய கைடு, பேராசிரியர் ரெங்கநாதன்.

"ஆமா சார்."

"எதுல மருந்து போட்ட?"

"இடதுல சார்."

"அப்போ வலதுல இருக்கறதுக்கு என்ன, ஞானோதயமா?"

பெலிண்டா சுவர்க் காலண்டரைப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வருகிறது. பச்சையும் வெள்ளையும் பக்கத்துப் பக்கத்தில் நின்றால் டாக்டர் பட்டம். இல்லையென்றால் தலைப்பை மாற்றிக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லிவிடுவார்கள். மேலப்புதூரில் அவள் அம்மா மகளுடைய கல்யாணப் பத்திரிகையில் 'டாக்டர் பெலிண்டா' என்று போட்டு அச்சுக்கே கொடுத்துவிட்டாள்.

இதற்கு நடுவில் யாரிடமும் சொல்ல முடியாத ஒரு சங்கடமும் அவளுக்கு இருந்தது. லேபில் கிருமி வளர்க்கத் தண்ணீர் காய்ச்சி வடித்துத் தரும் மெஷின் கருகிப் போயிருந்தது. ரிப்பேர்காரர் போன வாரத்திலிருந்தே "நாளைக்கு வரேன்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கல்லூரி போர்வெல் தண்ணீரைக் கொதிக்க வைத்தால் சுண்ணாம்புதான் மிஞ்சியது. பேட்டரிக் கடையில் டிஸ்டில்டு வாட்டர் வாங்கி ஊற்றினாள். அதில் என்ன இருந்ததோ, கிருமி முளைக்கவே இல்லை.

அப்போதுதான் சாருடைய கூஜா கண்ணில் பட்டது.

சார் ஸ்ரீரங்கம் சித்திரை வீதிக்காரர். வெளியில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கமாட்டார். அவர் மனைவி ரெங்கநாயகி மாமி தினமும் ஒரு எவர்சில்வர் கூஜா நிறையத் தண்ணீர் கொடுத்தனுப்புவாள். சாயங்காலம் கூஜா காலியாகத் திரும்ப வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். சார் வகுப்புக்குப் போன நேரம் பார்த்து பெலிண்டா பாதியை எடுத்துக்கொண்டாள். குறைந்த அளவுக்கு ஆபீஸ் வாசலில் இருந்த கேன் தண்ணீரை ஊற்றி, 'மாதாவே, மன்னிச்சிடும்மா' என்று மூடியைத் திருகினாள்.

சார் வந்து குடித்தார். "என்ன இருந்தாலும் எங்காத்துத் தீர்த்தம் எங்காத்துத் தீர்த்தம்தான்" என்றார்.

கிருமி நன்றாக வளர்ந்தது. பச்சைதான் வரவில்லை.

அவள் ஹாலித்தைப் பிடித்தாள். கூடப் படித்தவன், இப்போது ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை.

"உன் கிருமிக்கு வயசாயிடுச்சு பெலிண்டா" என்றான் ஹாலித். "நாலு வருஷமா வேளாவேளைக்கு சோறு போட்டு சொகுசா வச்சிருக்க. அதுக்கு எதுக்கு விஷம்? யாரோட சண்டை?"

"அப்ப நான் என்ன பண்றது?"

"எங்ககிட்ட ஒண்ணு இருக்கு. நேத்துதான் சிக்குச்சு. அசல் ரவுடி."

காந்தி மார்க்கெட் பக்கம் பஸ் நெரிசலில், ஐஸ் பெட்டியை மடியில் கட்டிப் பிடித்துக்கொண்டு வந்தாள். பக்கத்து சீட்டு அம்மாள், "பெட்டியில மீனாம்மா?" என்று விசாரித்தாள். "இல்லீங்க, கிருமி" என்றதும் அந்த அம்மாள் எழுந்து நின்றுகொண்டாள்.

ரவுடிக்காக இரண்டு குடுவைக்குப் பதில் ஆறு குடுவை வைத்தாள். கூஜாவில் முக்கால் பங்கு போனது. மறுநாள் ஆறும் மோர்.

"அல்லாவே, எங்க லேப்ல கிளி மாதிரி இருந்துச்சே!" என்று ஹாலித் போனில் அலறினான். "ஒருவேளை குடுவையில பழைய மருந்து ஒட்டியிருக்குமோ? நல்லாக் கழுவு."

நல்லாக் கழுவுவது என்றால் கடைசியாக நல்ல தண்ணீரிலும் அலச வேண்டும். இனிமேல் கூஜா முழுவதும் தேவைப்பட்டது. சார் தினமும் கேன் தண்ணீரை மட்டுமே குடித்து, அதைப் புகழ்ந்துகொண்டிருந்தார். குடுவைகள் கண்ணாடியாய் மின்னின. கிருமிகள் கன்னியர் மடத்தில் சேர்ந்தவை போல அடக்கமாக இருந்தன.

ஒரே ஒரு ஆளுக்கு மட்டும் நாளுக்கு நாள் குணம் கெட்டுக்கொண்டே போயிற்று. சாருக்குத்தான்.

திங்களன்று அவளுடைய மூன்றாம் அத்தியாயத்தைத் தூக்கி எறிந்தார். செவ்வாயன்று லிஃப்ட் மெதுவாக வருகிறது என்று லிஃப்டைத் திட்டினார். புதனன்று பிரின்சிபாலிடமே, "நீங்க பேசறது பேத்தல்" என்று சொல்லிவிட்டார். நெற்றி வியர்க்க, மூச்சு வாங்க நடந்தார்.

பெலிண்டாவுக்கு எல்லாமே குழப்பமாக இருந்தது. கிருமி சாதுவாகிறது, கைடு கொடூரமாகிறார். குழப்பத்துக்கு அடியில் பயமும் இருந்தது. ஆயுசு முழுக்க வீட்டுத் தண்ணீர் மட்டுமே குடித்த உடம்பு. கேன் தண்ணீரால்தான் அவருக்கு ஏதோ ஆகிறது என்று தோன்றியது. சொல்லிவிடலாம் என்று வாயெடுத்தால், "என்ன?" என்று அவர் பார்க்கிற பார்வையில் வார்த்தை வயிற்றுக்குள் போய்விடும்.

"பேசாம வலது குடுவையில கொஞ்சம் பச்சைக் கலர் பவுடர் தூவிடு" என்றான் ஹாலித். "கேக்குக்குப் போடுவாங்களே, அது."

"சீ! பொய் பித்தலாட்டம் பண்ணி வாங்குற டாக்டர் பட்டம் எனக்கு வேணாம்" என்று போனை வைத்தாள். வைத்த பிறகு ஒரு நிமிஷம் யோசித்தாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சிலுவை போட்டுக்கொண்டு அந்த யோசனையை விரட்டினாள்.

வெள்ளிக்கிழமை ஆய்வுக் குழு வந்து உட்கார்ந்தது. தலைவி கண்ணாடியை உயர்த்திக் குடுவைகளைப் பார்த்தார்.

"இதுல மருந்து இருக்கு?"

"ஆமா மேடம்."

"இதுல இல்ல?"

"இல்ல மேடம்."

"மருந்து இல்லாமலே கிருமி சாதுவாயிடுதுன்னா, உங்க மருந்துக்கு இதுல என்னம்மா வேலை?"

பெலிண்டா குடுவையைப் பார்த்தாள். குடுவை அவளைப் பார்த்தது. அந்தக் கேள்வியைத்தான் அவளும் ஒரு வாரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"தலைப்பை மாத்திடலாம்னு எனக்குத் தோணுது" என்றார் தலைவி.

சார் எழுந்தார். "யாரைக் கேட்டு மாத்துவேள்? நாலு வருஷ உழைப்பு! இந்தப் பொண்ணு பொய் சொல்லாது!" என்று மேஜையில் ஓங்கித் தட்டினார். பெலிண்டாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அடுத்த தட்டுக்குச் சாரின் கை போகவில்லை. மார்பைப் பிடித்துக்கொண்டு நாற்காலியில் சாய்ந்தார்.

ஆஸ்பத்திரியில் பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். இதயம் தாறுமாறாக அடித்துக்கொண்டது, அவ்வளவுதான். ஊசி போட்டதும் அடங்கிவிட்டது. கட்டில் பக்கத்தில் பெலிண்டா கையைப் பிசைந்துகொண்டு நின்றாள். டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளைப் புரட்டினார்.

"மாத்திரையை நிறுத்திட்டீங்களா சார்?"

"ஆரம்பிச்சாத்தானே நிறுத்தறதுக்கு?" என்றார் சார், படுத்தபடியே. "நீங்க எழுதிக் கொடுத்ததுலேர்ந்து ஒண்ணுகூட நான் போட்டதில்லை. அதே மாத்திரையைத்தான் இவ கிருமிக்குக் கொடுத்துண்டிருக்கா. கிருமி சாப்பிடறதை நான் சாப்பிடணுமா?"

டாக்டர் விழித்தார். "அப்புறம் எப்படி போன மாசம் வரைக்கும் இதயம் கடிகாரம் மாதிரி ஓடிச்சு?"

"தீர்த்தம் ஸ்வாமி, தீர்த்தம்! எங்காத்துத் தண்ணியைத் தவிர வேற தண்ணி இந்த உடம்புல இறங்கினதில்லை."

அதற்கு மேல் பெலிண்டாவால் அங்கே நிற்க முடியவில்லை. வெளியே ஓடினாள். வராந்தா பெஞ்சில் மாமி வாய்க்குள் ஏதோ ஸ்லோகம் முணுமுணுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெலிண்டா அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஓவென்று அழுதாள்.

"மாமி, சாருக்கு இப்படி ஆனதுக்கு நான்தான் காரணம். லேப்ல நல்ல தண்ணி இல்ல. சார் கூஜாத் தண்ணியைத் தினமும் நான் எடுத்து, கிருமி வளக்க ஊத்திட்டேன். அவருக்குக் கேன் தண்ணியை ரொப்பி வச்சேன். அவரு ஆசாரத்தையும் கெடுத்து, உடம்பையும் கெடுத்து, என் ஆராய்ச்சியும் போச்சு மாமி."

மாமியின் ஸ்லோகம் நின்றது.

"முழுக் கூஜாவையுமா?"

"முழுசும் மாமி."

மாமி எட்டி, அறைக்கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டாள்:

"அடிப்பாவி! மாத்திரையைக் கண்டாலே இந்த மனுஷன் அடம் பிடிக்கறாரேன்னு நான் தினம் அந்தக் கூஜாவுல கரைச்சு அனுப்பினதை, இத்தனை நாளா உன் கிருமியா குடிச்சுது?"