கோட்டு ஓரத்து நாற்காலி

மைசூர்,
12-10-1953

சேசு மரி சூசை துணை

பெருமதிப்பிற்குரிய செலின் அக்காவுக்கு, தம்பி மதலைமுத்து வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. தங்கவயல் ஆஸ்பத்திரியில் உங்களுக்கு வேலைப்பளு குறைந்ததா? இங்கே நான், ஜேன், மோலி மூவரும் உயிரோடு இருக்கிறோம். சுகம் என்று எழுதத்தான் கை வரவில்லை.

ஞானத்தாய் என்ற முறையில் மோலிக்கு டென்னிஸ் மட்டை வாங்கி அனுப்பினீர்களே, அன்று பிடித்தது எனக்குச் சனி. தசரா போட்டியில் பிள்ளை அரையிறுதி வரை வந்துவிட்டாள். எதிரே ஆடுகிறவள் எங்கள் ஆபீஸ் சூப்பரின்டெண்ட் நம்பி ஐயங்காரின் மகள். போதாததற்கு இங்கே ஒரு வழக்கம். பந்து கோட்டுக்கு உள்ளேயா வெளியேயா என்று சொல்ல ஆள் பற்றாமல், ஆடுகிற பிள்ளைகளின் தகப்பன்மாரையே ஆளுக்கொரு கோட்டில் நாற்காலி போட்டு உட்கார்த்திவிடுகிறார்கள். மகள் பந்தை உள்ளே என்றால், பொய் சொல்கிறான் என்று ஊர் பேசும், ஐயங்கார் முகம் சுளித்தால் காட்டோரத்து ஹனூருக்கு மாற்றல் வரும். வெளியே என்றால் வீட்டில் சோறு வராது. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது இதுதான். ஆளுக்கொரு செட் ஆகி, மூன்றாவதில் ஐந்துக்கு ஐந்து என்று நிற்கும்போது மோலி அடித்த பந்து நேரே என் கோட்டுக்கு வந்தது. நான் ‘அவுட்’ என்றேன். அக்கா, இரண்டு கண்ணாலும் பார்த்துத்தான் சொன்னேன், அந்தோணியார் மேல் ஆணை. ஐயங்காரே எதிர்க் கோட்டிலிருந்து எழுந்து வந்து, “என்ன மதலைமுத்து, கோட்டு மேலன்னா விழுந்தது? சுண்ணாம்பு பறந்துதே” என்றார். “இல்லீங்க சார், அவுட்டுதான்” என்றேன். பதினேழு வருஷ சர்வீசில் மேலதிகாரியை மறுத்துப் பேசியது அதுதான் முதல் தடவை. அந்த கேம் போயிற்று. இருட்டிவிட்டதால் மிச்ச ஆட்டத்தை நாளைக் காலைக்குத் தள்ளிவைத்தார்கள்.

வீட்டுக்கு வந்ததிலிருந்து மோலி என்னோடு பேசவில்லை. அழுதிருந்தால்கூடத் தேவலை. ஜேன் தட்டை வைத்துவிட்டு, “பெத்த பொண்ணு பந்தையே வெளியில தள்ளுற அப்பனை இப்பத்தான் பாக்குறேன்” என்றாள். எனக்குப் பயமாக இருக்கிறது அக்கா. ஹனூர் பயமெல்லாம் போய்விட்டது. இந்தப் பிள்ளை இனிமேல் என்னை நம்பவே மாட்டாளோ என்றுதான் பயம். நாளைக்கு அந்த நாற்காலிப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டேன். காய்ச்சல் என்று போட்டி நடத்துகிறவர்களுக்குச் சீட்டு எழுதி வைத்துவிட்டேன். ஜேன் நம்புவதற்காக நெற்றியில் ஈரத்துணியும் போட்டுக்கொண்டிருக்கிறேன்.

ஆண்டவர் உங்களைச் சுகத்தோடு காப்பாராக. ஜெபத்தில் என்னையும் ஒரு வார்த்தை சேர்த்துக்கொள்ளுங்கள்.

கீழ்ப்படிதலுள்ள தம்பி,
ம. மதலைமுத்து

பின்குறிப்பு: உறையை ஒட்டப் போகையில் மோலி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். “நாளைக்கு நீங்க வாங்கப்பா. கோட்டுக்கு ஒரு அடி உள்ளேயே அடிக்கிறேன். உங்களுக்குப் பயமா இருக்காது” என்றாள். அப்படி அடித்தால் தோற்றுப்போவாள் என்று எனக்கே தெரியும். அக்கா, மேலே ஆணையிட்டு எழுதியதை நம்பாதீர்கள். பந்து வந்தபோது நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். வாய்தான் பயத்தில் ஏதோ சொல்லிவிட்டது. இதை அவளிடமும் சொன்னேன். “தெரியும்பா. நான் அங்கேருந்து உங்க முகத்தைத்தான் பாத்துட்டிருந்தேன்” என்றாள். கோட்டிலேயே அடி, நாளைக்குக் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். சீட்டைக் கிழித்துவிட்டேன். பயம் மட்டும் அப்படியே இருக்கிறது.