சக்கரம் வைத்த தேநீர்ப் பாத்திரம்

ஓய்வுபெற்ற ஆண்பிள்ளை பொழுதுபோக்கு எதுவும் இல்லாமல் வீட்டில் சும்மா உட்கார்ந்திருக்கக் கூடாது என்பது இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் எழுதப்படாத சட்டம். டாக்டர் சொல்வார், தபால்காரர் சொல்வார், மனைவியைக் கேட்கவே வேண்டாம். அந்தச் சட்டத்துக்குத் தலைவணங்கி, முப்பத்தோரு வருஷம் மாடி பஸ் ஓட்டிய டெரிக் நட்டல் தோட்டத்துக் கொட்டகைக்குள் நுழைந்தார். நான்கு வருஷம் கழித்து ஒரு நீராவி எஞ்சினோடு வெளியே வந்தார். எஞ்சின் மேஜை நீளம்தான். ஆனால் நிஜ எஞ்சினுக்கு உள்ளதெல்லாம் இதற்கும் உண்டு. கரி போட்டால் எரியும், கொதிக்கும், கூவும், ஆறு பேரை வண்டியில் உட்காரவைத்து இழுக்கும். இழுக்கும் என்பது டெரிக்கின் கணக்கு. இழுத்துப் பார்க்கத் தண்டவாளம் வேண்டுமே!

“இந்தா பாருங்க,” என்றாள் மனைவி டோரீன். “நாலு வருஷமா அந்தக் கொட்டகைதான் உங்களுக்குப் பொண்டாட்டி. அடுத்த மாசம் பதினெட்டாந்தேதி, ஞாயித்துக்கிழமை, எனக்கு அறுபத்தஞ்சு முடியுது. அன்னைக்கு இந்தச் சனியன் என்னை உக்காரவச்சு ஒரு சுத்து சுத்திக் காட்டணும். இல்லேன்னா திங்கக்கிழமை கொட்டகையை இடிச்சுட்டு அங்க தக்காளி போடப்போறேன்.”

டோரீன் விளையாட்டுக்குப் பேசுகிறவள் அல்ல. சமையலறைச் சுவர் ஒன்றை அவள் ஏற்கெனவே இடித்திருக்கிறாள். டெரிக் அன்றே போய் கிளெக்தார்ப் ஊரின் மாதிரிப் பொறியியல் சங்கத்தில், அதாவது சின்ன ரயில் எஞ்சின் செய்கிறவர்களின் சங்கத்தில், சேர்ந்துவிட்டார். ஊர்ப் பூங்காவில் வட்டமாகத் தண்டவாளம் போட்டு வைத்திருந்தது அந்தச் சங்கம்தான்.

உறுப்பினர்கள் பதினோரு பேர். எல்லோரும் சாலைப் பணியாளர்கள் போடும் ஆரஞ்சு நிறப் பளபளா மேலங்கி போட்டிருந்தார்கள். இந்த மேலங்கி இப்போது அந்த நாட்டில் பெரிய நாகரிகம். அது இல்லாமல் வாத்துக்கு ரொட்டி போடக்கூட வெட்கப்படுகிறார்கள். தலைவர் கிளைவ் ஓல்ராய்ட், எழுபத்தெட்டு வயது, டெரிக்கின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

“வாங்க தம்பி! நம்ம சங்கம் சாதாரணமான சங்கம் இல்ல. பதினோரு வருஷமா ஒரு விபத்து கிடையாது. மாவட்டப் பாதுகாப்புக் கேடயம் வருஷா வருஷம் நமக்குத்தான்.”

“பிரமாதம். எஞ்சினை எப்ப ஓட்டிப் பாக்கலாம்?”

பதினோரு பேரும் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்தார்கள். செயலாளர் பிண்டர் தொண்டையைச் செருமிக்கொண்டு விதிப் புத்தகத்தைத் திறந்தார்.

“கொதிகலனுக்குச் சான்று வேணும் சார். சான்றில பரிசோதகர் கையெழுத்துப் போடணும்.”

“பரிசோதகர் யாரு?”

“இருந்தார். ஸ்பெயினுக்குக் குடிபோயிட்டார். பதினோரு வருஷமாச்சு.”

“வேற ஆளைப் போடுங்களேன்?”

“தாராளமா. ஆனா சான்று வாங்கின எஞ்சின் வச்சிருக்கிறவர்தான் பரிசோதகர் ஆகலாம்.”

“அந்தச் சான்று?”

“பரிசோதகர்தான் குடுக்கணும்.” பிண்டர் அன்போடு புத்தகத்தை மூடினார். “ரொம்பக் கச்சிதமான விதி சார். ஓட்டையே கிடையாது.”

“அப்ப பதினோரு வருஷமா இங்க ரயிலே ஓடலையா?”

“அதனாலதானே விபத்தே இல்ல!” என்றார் கிளைவ், பெருமை தாங்காமல்.

மலைப்பாதையில் எண்பது உயிர்களை ஏற்றிக்கொண்டு பனியில் பஸ் ஓட்டியபோதெல்லாம் டெரிக் பயந்ததில்லை. அன்று பயந்தார். கண்ணை மூடினால் தக்காளி தெரிந்தது. விதியைத் தளர்த்தச் சொல்லி மனு எழுதினார். மனு துணைக்குழுவுக்குப் போயிற்று. துணைக்குழு அதை ஆழ்ந்து பரிசீலித்து, மனு எழுதிய பேனாவின் நிறம் சரியில்லை என்று திருப்பி அனுப்பியது.

பதினெட்டாந்தேதி விடிந்தது. டோரீன் புதுத் தொப்பி வைத்துக்கொண்டு பூங்கா பெஞ்சில் வந்து உட்கார்ந்தாள். எஞ்சின் தண்டவாளத்தின் மேல் வெறுமனே நின்றது. சங்கத்தார் தண்டவாளத்துக்குப் பக்கத்திலிருந்த தங்கள் குடிலுக்குள் முழுநேரப் பணியில், அதாவது தேநீர் குடிப்பதில், ஈடுபட்டிருந்தார்கள். கெட்டில் கூவியது.

டெரிக் குடிலுக்குள் பாய்ந்தார். “அது என்ன?” என்று கெட்டிலைக் காட்டிக் கத்தினார். “உள்ள தண்ணி, கீழ நெருப்பு, மேல நீராவி, மூக்குல விசில். இது கொதிகலன் இல்லையா? இதுக்குச் சான்று எங்க?”

கிளைவ் கொள்கைவாதி. முகம் வெளுக்க எழுந்து, தம் கையாலேயே அடுப்பை அணைத்தார்.

“தம்பி சொல்றது நியாயம். சான்று கிடைக்கிற வரைக்கும் தேநீர் தடை செய்யப்படுகிறது.”

முதல் கால்மணி நேரம் சங்கம் கண்ணியமாக நடந்துகொண்டது. அரைமணியில் பிஸ்கட்டை வெறும் வாயில் தின்று ஒருவருக்கு விக்கல் எடுத்தது. முக்கால்மணியில் இரண்டு பேர் பழைய பகை ஒன்றைக் கிளறி மேலங்கியைப் பிடித்து இழுத்துக்கொண்டார்கள். ஒருமணி நேரம் ஆனபோது பிண்டர் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார்.

“இருக்கு!” என்று அலறினார். “ஐம்பத்தெட்டாம் வருஷத்து விதி! ‘அவசர காலத்தில் சிற்றுண்டிப் பாத்திரங்களுக்குத் தலைவரே சான்று வழங்கலாம்!’”

“கெட்டிலைக் கொண்டாங்க!” என்றார் கிளைவ்.

“எந்தக் கெட்டில்?” என்றார் டெரிக். கெட்டில் அவர் கோட்டுக்குள் புடைத்துக்கொண்டிருந்தது. “என் பாத்திரம் வெளிய தண்டவாளத்தில நிக்குது. ஒரே கொதியில இருபது பேருக்குத் தேநீர் போடும்.”

கிளைவ் கோட்டைப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், தன் காலிக் கோப்பையைப் பார்த்தார்.

ஒன்று சொல்லியாக வேண்டும்: சோதனை முறையாகவே நடந்தது. குளிர்ந்த தண்ணீரை நிரப்பி, வழக்கத்தைப்போல் இருமடங்கு அழுத்தம் கொடுத்து, பதினோரு பேரும் தாகத்தோடு அரைமணி நேரம் அழுத்தமானியின் முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். முள் அசையவில்லை, ஒரு சொட்டு கசியவில்லை. கிளைவ் கையெழுத்திட்டார்: ‘தேநீர்ப் பாத்திரம், ஒன்று. சக்கரம் உடையது.’

“ஆனா ஒண்ணு,” என்றார் டெரிக். “பாத்திரம் சுடும், கையில தூக்க முடியாது. நீங்க எல்லாரும் வட்டத்தைச் சுத்தி உக்காருங்க. அது தானே உங்ககிட்ட வரும். பரிமாற ஒரு ஆள் பின்னால உக்காரணும்.”

டோரீன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு, கோப்பைத் தட்டை மடியில் வைத்துக்கொண்டு, வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். டெரிக் கரி மூட்டி, நீராவி கிளம்பியதும் அவளுக்கு முன்னால் உட்கார்ந்து கைப்பிடியை இழுத்தார்.

ஓடியது! புகையைக் கக்கிக்கொண்டு, ரோஜாப் பாத்தியைத் தாண்டி, வாத்துக் குளத்தைத் தாண்டி, கூவிக்கொண்டே ஓடியது. தேநீர் வாங்க உட்கார்ந்திருந்த கிழவர்கள் கோப்பையை மறந்து எழுந்து கூடவே ஓடினார்கள். இடுப்பு வலிக்காரர் ஒருவர் குதித்தார். பிண்டர் அழுதார். கிளைவ் மேலங்கியைக் கழற்றித் தலைக்கு மேல் சுழற்றினார். டோரீன் வாய்விட்டுச் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து டெரிக் பார்த்து வருஷக்கணக்காகிவிட்டது.

வண்டி நின்றதும் பிண்டர் மூச்சிரைக்க ஓடிவந்தார். “சார்! இப்ப சான்று வாங்கின எஞ்சின் உள்ள ஒரே ஆள் நீங்கதான். விதிப்படி நீங்கதான் பரிசோதகர்!”

கைதட்டலுக்கு நடுவே மேலங்கி ஒன்று டெரிக்கின் தோளில் விழுந்தது. அதில் ‘அதிகாரி’ என்று எழுதியிருந்தது. டெரிக் இறங்கி நின்று அதன் பொத்தான்களை மெதுவாக, ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டார்.

டோரீன் முன்னிருக்கைக்கு நகர்ந்தாள். “இப்ப நான் ஓட்டறேன். எதை இழுக்கணும், இதைத்தானே?”

“டோரீன், ஒரு நிமிஷம்,” என்றார் டெரிக். குரல் அவருக்கே புதிதாக இருந்தது. “உறுப்பினர் அல்லாதோர் இயக்குவதற்கு... அதாவது, மொதல்ல நீ ஒரு மனு எழுதணும். துணைக்குழு பாக்கும். ஓட்டுநர் தேர்வு இருக்கு. ஆறு மாசத்தில...”

பதினோரு பேரும் திருப்தியோடு தலையாட்டினார்கள். டோரீன் கணவனைத் தலை முதல் கால் வரை ஒருமுறை பார்த்தாள். கைப்பிடியை இழுத்தாள். எஞ்சின் தேநீரோடும் பிஸ்கட்டோடும் குளத்தைச் சுற்றி வளைந்து போயிற்று. மூன்று சுற்று முடிந்தும் அவள் நிறுத்தவில்லை. ஒவ்வொரு முறை கடக்கும்போதும் விசில் வேறு அடித்தாள்.

அதிகாரிகள் பன்னிரண்டு பேரும் குடிலுக்குள் போய், சங்கத்தின் விபத்துப் பதிவேட்டைத் தேடி எடுத்து, தூசி தட்டி, முதல் பக்கத்தில் எழுதினார்கள்.

‘விபத்தின் தன்மை: ரயில் ஓடிற்று. கையெழுத்து: டெரிக் நட்டல், பரிசோதகர்.’