பிச்சைமுத்து யார் என்று கேட்ட மகனுக்கு

கச்சிராயபாளையம்,
ஞாயிறு.

அன்பு மகன் தமிழழகனுக்கு அம்மா ஆசீர்வாதத்துடன் எழுதுவது. நான் நலம். நீ நலமா என்று கேட்கத்தான் நினைத்தேன், என் பேத்தி அபிநயாவின் காதணி விழா அழைப்பிதழைப் பார்த்ததும் அந்த எண்ணம் போய்விட்டது. போனில் கேட்கலாமென்றால் "டவர் இல்லம்மா" என்று வைத்துவிடுகிறாய். கல்வராயன்மலையில் இருப்பவர்களே பேசுகிறார்கள், சென்னையில் டவர் இல்லையாம்.

எதிர்வீட்டு பிச்சைமுத்து பெயரையும் போடு என்றேன். "போடறேன், உறவுன்னு இன்னா போடறது?" என்று கேட்டாய். உன் அத்தை கமலா, "குடும்ப நண்பர்னு போட்டா ஊரே சிரிக்கும்" என்றாளாம். கடைசியில் உறவே எழுதாமல் வெறும் பெயரை அச்சகத்துக்கு அனுப்பியிருக்கிறாய், உறவு போடாத பெயர் மேலே, காலமானவர்கள் வரிசையில்தானே வரும் என்று அவர்களும் உன் அப்பா பெயருக்குப் பக்கத்திலேயே "தெய்வத்திரு பிச்சைமுத்து" என்று அடித்துவிட்டார்கள், அந்த மனிதர் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் வீட்டில் நாலாவது இட்லி சாப்பிடுகிறார், "வுடுங்க டீச்சர், மேல போயாவது பேரு வந்துச்சே" என்கிறார், எனக்கு வயிறு எரிகிறது.

உறவுதானே வேண்டும்? ஆயுசெல்லாம் ஆங்கிலம் நடத்தியவள் சொல்கிறேன், எழுதிக்கொள்: 'ஃபியர்'. பயம் இல்லை, அதற்கு எழுத்தே வேறு. இது வழக்கொழிந்த பழைய ஆங்கிலச் சொல், பயணம் போவதைக் குறிக்கும் வினையிலிருந்து பிறந்தது. முதலில் கூடப் பயணம் வருபவர் என்று பொருள், பிறகு தோழர், பிறகு கணவன் மனைவியையும் அப்படிச் சொன்னார்கள், சமமானவர் என்றும் ஒரு பொருள் உண்டு. அப்புறம் ஆங்கிலேயர்களே அதைத் தொலைத்துவிட்டார்கள். நான் சொல்வது முதல் பொருளை மட்டும். அவர் மனைவி போய், உன் அப்பாவும் போனபிறகு, கள்ளக்குறிச்சி கண் டாக்டரிடம் என்னோடு வருகிறவர் அவர்தான். டவுன் பஸ்ஸில் எனக்கு இலவசம், அவர் டிக்கெட் எடுத்து வருகிறார். என் பக்கத்து சீட்டில் நீ ஒருநாளாவது உட்கார்ந்தாயா? எனக்குத் தனியாக இருக்கப் பிடிக்கவில்லை. அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அவர் பெயர் கீழே, உயிரோடு இருப்பவர்கள் வரிசையில் வரவேண்டும். வராவிட்டால் என் பெயரையும் மேலேயே ஏற்றிவிடு, விழாவுக்கு நான் வரமாட்டேன்.

மருமகள் ராதிகாவுக்கு என் அன்பு. குழந்தைக்கு வலிக்காமல் காது குத்தச் சொல். எல்லோரும் நன்றாக இருங்கள், கமலாவும்தான்.

உன் அம்மா,
செந்தமிழ்ச்செல்வி

பி.கு.: இதை அவருக்குப் படித்துக் காட்டினேன். "மொத அர்த்தம் மட்டுந்தானா டீச்சர்?" என்று கேட்டுவிட்டுச் சட்னியையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. அந்த ஆங்கிலச் சொல்லை விட்டுவிடு. அவர் பெயருக்குப் பக்கத்தில் 'தாத்தா' என்று போடு.