நன்னடத்தைக் கோப்பையும் ஒரு மஞ்சள் அட்டையும்

“உங்க டீம் இதுவரைக்கும் ஒரு மேட்ச்லயாவது ஜெயிச்சிருக்காம்மா?”

வெளிநாட்டிலிருந்து வந்திருந்த பத்திரிகைக்காரர் ஒருவர் ஒருமுறை என்னிடம் இப்படிக் கேட்டார். தேசியக் கால்பந்துச் சம்மேளன அலுவலகத்தில் டீ கொடுப்பது என் வேலை. அதிகாரிகள் எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். கேட்பதற்கு அவருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை. நான் டீத்தட்டால் முகத்தை மறைத்துக்கொண்டு உள்ளே ஓடிவிட்டேன்.

அன்று சொல்லாத பதில் இதுதான். உலகத்தில் ஜெயிக்கத் தெரிந்த நாடுகள் ஏராளம். ஜெயிப்பதில் என்ன இருக்கிறது? பந்தை எதிராளியின் வலைக்குள் தள்ளினால் முடிந்தது. பண்போடு தோற்பதற்குத்தான் நாகரிகம் வேண்டும். அந்த நாகரிகத்தில் எங்கள் தேசிய அணியை இன்றுவரை யாரும் தோற்கடித்ததில்லை.

எங்கள் சர்வதேச வரலாறு பதினோரு கோல்களோடு தொடங்குகிறது. பதினொன்றையும் போட்டது எதிரணி. ஆனால் கோலை மட்டும் எண்ணுகிறவர்களுக்கு வரலாறு புரியாது. ஒவ்வொரு கோல் விழுந்ததும் எங்கள் கேப்டன் ஓடிப்போய், போட்டவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். எங்கள் கோல்கீப்பர் வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்து, தன் சட்டையிலேயே துடைத்து, இரண்டு கைகளாலும் கொடுத்தார். நடுவர் எங்களுக்கு எதிராக ஒரு தடவைகூட விசில் ஊதவில்லை. எப்படி ஊதுவார்? எதிராளியைத் தள்ளிவிட வேண்டுமானால் முதலில் அவன் பக்கத்தில் போக வேண்டும். அவ்வளவு வேகமாக ஓடுகிற கெட்ட பழக்கம் எங்கள் அணியில் யாருக்கும் இல்லை.

போட்டித் தொடர் முடிந்ததும், தப்பாட்டம் ஆடாத அணி என்று எங்களுக்கு ‘நன்னடத்தைக் கோப்பை’ கொடுத்தார்கள். ஜெயித்தவர்களுக்குக் கொடுத்ததைவிடச் சின்னது. மேசையில் வைத்தால் ஒரு பக்கம் சாயும். ஆனாலும் கோப்பை கோப்பைதானே? விமான நிலையத்தில் கூட்டம் அலைமோதியது. சம்மேளனத் தலைவர் அதைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தார்.

“நாம யாரையும் காயப்படுத்தல! நம்ம காயத்தைப் பத்தியும் பேசல!”

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆனது.

அதற்குப் பிறகு அந்தக் கோப்பையை நாங்கள் வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. தலைவர் அறையின் கண்ணாடி அலமாரியில் சின்னக் கோப்பைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கும். ‘விளையாட்டில் அறம்’ என்று பேச அவரை நாடு நாடாகக் கூப்பிட்டார்கள். பேசிப் பேசியே சர்வதேச நன்னடத்தைக் குழுவில் துணைத் தலைவர் ஆனார். இன்னும் ஒரே ஒரு கோப்பை வந்தால் ‘துணை’ உதிர்ந்துவிடும் என்று அலுவலகத்தில் பேசிக்கொண்டார்கள்.

பயிற்சியும் அதற்கேற்ப வளர்ந்தது. பயிற்சியாளர் முன்பு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டராக இருந்தவர். காலையில், கீழே விழுந்த எதிராளியைக் கைகொடுத்துத் தூக்கும் பயிற்சி. மாலையில், ஆறு மொழிகளில் மன்னிப்புக் கேட்கும் பயிற்சி. பந்தை அபூர்வமாகத்தான் வெளியே எடுப்பார். “பந்தைக் கண்டா பசங்களுக்குக் கவனம் சிதறுது” என்பார்.

அணியின் சட்டைகள் என் அம்மாவின் சலவைக் கடைக்குத்தான் வரும். மூட்டையைப் பிரித்து ஒரு சட்டையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பாள். காலர்கூடக் கசங்கியிருக்காது.

“ஏண்டி, இது போட்டுட்டு வந்ததா, இனிமே போட்டுக்கப் போறதா?”

மூட்டையைத் தூக்கிக்கொண்டு வருகிறவன் என் அண்ணன். அவனும் தேசிய அணியில்தான் இருந்தான். தெருவில் அவனுக்குப் பட்டப்பெயர் ‘பூட்டு’. சின்ன வயதில் பந்தோடு அவனைத் தாண்டிப் போனவர் யாரும் இல்லை. ஒருமுறை காய்கறி வண்டியே நின்றுபோனது. இப்படிப்பட்ட முரட்டுச் சுபாவத்தைச் சம்மேளனம் அன்போடு திருத்தியது. மூன்று ஆண்டுகள் பெஞ்சில் உட்காரவைத்தது. வீட்டில் சோறு சாப்பிடும்போது அவன் கால்கள் மேசைக்கடியில் தனியாக எதையோ தடுத்துக்கொண்டிருக்கும்.

“ஏய் ஊமைக்கோட்டான்,” என்பான் என்னிடம், “ஒரே ஒரு மேட்ச். முழுசா ஆடணும். அப்புறம் என்னை ஆணி அடிச்சு பெஞ்சுலயே மாட்டட்டும்.”

இந்த ஆண்டு போட்டி எங்கள் நகரத்திலேயே நடந்தது. முதல் ஆட்டத்துக்கு முந்தைய நாள், எங்கள் மூத்த தடுப்பாட்டக்காரர் எதிராளியைத் தூக்கும் பயிற்சியில் இடுப்பு பிடித்துப் படுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் அண்ணனை இறக்கினார்கள்.

அன்று அவன் செய்ததை எழுதவே கூச்சமாக இருக்கிறது. எதிரணியினர் பந்தோடு வந்தார்கள். எங்கள் ஆட்டக்காரர்கள் ஆம்புலன்ஸுக்கு ஒதுங்குவதுபோல் மரியாதையாக இரண்டு பக்கமும் ஒதுங்கினார்கள். அண்ணன் மட்டும் ஒதுங்கவில்லை. வந்தவன் காலிலிருந்து பந்தை எடுத்தான். மறுபடி வந்தார்கள், மறுபடி எடுத்தான். ஓரத்தில் நின்று பயிற்சியாளர் தொண்டை கிழியக் கத்தினார்:

“தம்பி, வழி விடுடா! மானம் போகுதுடா!”

கடைசி நிமிடத்தில் அவர்களுடைய நட்சத்திர ஆட்டக்காரன் தனியாகப் பாய்ந்து வந்தான். அண்ணன் சேற்றில் சறுக்கிக்கொண்டே போய்க் காலை நீட்டினான். பந்து வெளியே போனது. வந்தவன் தடுக்கி விழுந்தான். நடுவர் மஞ்சள் அட்டையை உயர்த்தினார். எங்கள் வரலாற்றின் முதல் அட்டை. அவர்கள் அடித்த ஃப்ரீ கிக் கம்பத்துக்கு மேலே பறந்தது. ஆட்டம் முடிந்தது. கோல் இல்லை. டிரா.

மைதானத்தில், தோற்றால் கைதட்டப் பழகிய கூட்டம், இப்போது என்ன செய்வதென்று தெரியாமல் விழித்தது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில் ஜெயித்தால் அடுத்த சுற்றுக்குப் போகலாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னார்கள். எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் தன் மகனிடம், “அடுத்த சுற்றுன்னா என்னப்பா?” என்று கேட்டார். மகனுக்கும் தெரியவில்லை.

அண்ணனின் சட்டையை அம்மா துவைக்கவில்லை. சேற்றோடு கடை வாசலில் கொடியில் தொங்கவிட்டாள். மறுநாள் காலையில் செயலாளரே நேரில் வந்து, ‘ஆதாரம்’ என்று சொல்லி அதை எடுத்துப் போனார்.

“கறை போகுமாம்மா?” என்று கவலையோடு கேட்டார்.

“போகாதுங்க. போனாலும் நான் விட மாட்டேன்.”

அன்று மதியமே தலைவர் அறையில் ‘ஒழுங்கு நடவடிக்கை விசாரணை’ கூடியது. தலைவர், செயலாளர், பயிற்சியாளர் மூவரும் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். மேசைமேல் சட்டை. அண்ணன் எதிரில் நின்றான். நான் டீயோடு உள்ளே போனேன்.

“உக்காருப்பா,” என்றார் தலைவர். நாற்காலி இல்லை. “சரி, நின்னே பேசு. அந்தப் பையன் பாட்டுக்கு பந்தைக் கொண்டு வந்தான். நீ ஏன் குறுக்க போன?”

“கோல் போட வந்தான் சார்.”

“வந்தா?”

“தடுக்கறதுதானே சார் என் வேலை.”

செயலாளர் கண்ணாடியைக் கழற்றினார். “தடுப்பாட்டக்காரன்ங்கறது பதவியோட பேரு தம்பி. என் பதவி பேரு செயலாளர். நான் என்னைக்காவது செயல்பட்டு நீ பார்த்திருக்கியா?”

“இல்லை சார்.”

“பின்ன?”

“நான் கத்தினேன் சார், வழி விடுன்னு,” என்றார் பயிற்சியாளர். “காதுலயே வாங்கல. ஏம்பா, விழுந்தவனைத் தூக்கினியா?”

“தூக்கினேன் சார்.”

“எந்த மொழியில மன்னிப்பு கேட்ட?”

“கேக்கறதுக்குள்ள அவனே சிரிச்சிட்டான் சார். நல்லா தடுத்தேன்னு முதுகுல தட்டினான்.”

“பாத்தீங்களா!” என்று தலைவர் செயலாளர் பக்கம் திரும்பினார். “எதிராளியே பாராட்டற அளவுக்குக் குத்தம் பண்ணிட்டு வந்திருக்கான். அந்த ஒரு அட்டையில நமக்கு மார்க் குறைஞ்சு போச்சு. இன்னொரு அட்டை விழுந்தா கோப்பை கைவிட்டுப் போயிடும். அப்புறம் வெளிநாட்டுல எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் அறம் பேசறது?”

அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: “சார், ஞாயித்துக்கிழமை ஜெயிச்சா அடுத்த சுற்று சார். அதையும் தாண்டினா, பெரிய கோப்பையே வாங்கலாம்.”

செயலாளர் எழுந்துபோய்க் கண்ணாடி அலமாரியைத் திறந்து, இரண்டு தட்டுகளுக்கு நடுவே சாண் போட்டுப் பார்த்தார்.

“உயரம் பத்தாது சார்,” என்றார்.

தலைவர் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார். அவருடைய குரலில் இப்போது தாய்ப்பாசம் இருந்தது. அவர் கெட்டவர் இல்லை. என் டீயைக்கூட ஒருநாளும் குறை சொன்னதில்லை.

“தம்பி, உன் எதிர்காலத்தைப் பாழாக்க எங்களுக்கு ஆசையா என்ன? ஞாயித்துக்கிழமை நீயே ஆடு. முழு மேட்ச். உன் பேரு முதல் வரிசையிலேயே இருக்கும். ஒரே ஒரு வார்த்தை சொல்லிடு. ‘இனிமே யார் வந்தாலும் வழி விடுவேன்.’ எழுதித் தர வேண்டாம். வாயால சொன்னா போதும்.”

“மனசுல வெச்சுக்கிட்டாக்கூடப் போதும் சார்,” என்றார் பயிற்சியாளர். “கொஞ்சம் உதட்டை மட்டும் அசைக்கட்டும்.”

அண்ணன் என்னைப் பார்த்தான். மூன்று ஆண்டுகளாக அவன் கேட்டது அந்த ஒரு முழு ஆட்டத்தைத்தான். அது மேசைக்கு அந்தப் பக்கத்தில் தயாராக இருந்தது. சொல்லிவிடு என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. சொல்லாதே என்று சொல்லவும் வந்தது. வழக்கம்போல் இரண்டையும் விழுங்கிக்கொண்டு டீத்தட்டை இறுகப் பிடித்தேன்.

“சொல்லுப்பா, டீ ஆறுது,” என்றார் செயலாளர்.

அண்ணன் மூவருக்கும் ஒரு கும்பிடு போட்டான், திரும்பினான், கதவை நோக்கி நடந்தான். அவசரம் இல்லாத நடை.

தேசத்தின் பெரிய மனிதர்கள் மூவரும் தங்கள் நாற்காலிகளில் மிக ஒழுக்கமாக உட்கார்ந்திருந்தார்கள். தடுக்க யாரும் எழுந்திருக்கவில்லை. எங்கள் சம்மேளனத்தில் யாருக்கும் தடுத்துப் பழக்கமில்லை. பழக்கமிருந்த ஒருவன் அப்போது வாசலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தான்.